முனியாண்டிக் கல்லைப் பார்க்கப் போனோம்

தலவாக்கலை ரயில் நிலையத்தில் அந்த ஞாயிறு காலை கூடியவர்கள் மூவர்: கண்டியிலிருந்து முதல் நாளே வந்து தங்கிய விரிவுரையாளர் கனகசபை, எங்கள் கலாரசனைச் சங்கத்தின் பொருளாளர் மாணிக்கம், தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நான். வராதவர் செயலாளர் சண்முகம். அவர் வேலை செய்யும் புடவைக் கடையில் அன்று சரக்கு இறங்கியது. எங்களில் அந்தக் கல்லைக் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான்.

கல் இருந்தது வலப்பனைப் பக்கத் தோட்டமொன்றில். ஆளுயரம், மேலே ஒரு வீரன் உருவம், கீழே வரிவரியாக எழுத்து என்று சண்முகம் சொல்லியிருந்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மக்கள் அதை முனியாண்டியாகக் கும்பிட்டு வந்தார்கள். இப்போது அந்த இடத்தின் வழியே லொறி வீதி வரவிருந்தது. பழைய கல்வெட்டுத்தான் என்று விஷயம் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் வீதியை விலக்குவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை சொன்னாராம். கனகசபையை அழைத்தது அதற்காகவே.

நானுஓயா வரை ரயில், மூன்றாம் வகுப்பு, முப்பத்தைந்து சதம். நுவரெலியாவில் பிளேன்டீ குடித்து, ராகலை பஸ் பிடித்தோம். கனகசபை தம் பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

"என்னங்க மாத்தயா, உள்ளுக்கு முட்டையா?" என்றான் கண்டக்டர்.

"எழுத்தைப் படியெடுக்கிற மையும் தாளும், தம்பி. முட்டையை விடக் கவனமாக் கொண்டு போக வேணும்."

ராகலையில் வேறு பஸ் மாறி இறங்கி, தேயிலை நடுவே இரண்டு மைல் நடந்தோம். பதினொரு மணிக்குத் தப்பு மேளச் சத்தம் எங்களை எதிர்கொண்டது. மாலை, சந்தனம், சர்பத். லயமே திரண்டிருந்தது. கொழுந்து பறிக்கும் ராக்கம்மா முன்னால் நடந்து எங்களைக் கூட்டிப்போனாள்.

முனியாண்டி பளபளவென்று நின்றார். பச்சை உடம்பு, சிவப்பு உதடு, முறுக்கிய கறுப்பு மீசை. காலடியில் வழுவழுப்பான மஞ்சள் பெயின்ட்.

"பெரியவங்க வர்றீங்கன்னு நேத்துத்தான் முடிச்சோம். மீசைக்கு மட்டும் ரெண்டு பூச்சுங்க. நல்லா இருக்குங்களா?" என்றாள் ராக்கம்மா.

கனகசபை குனிந்து அந்த மஞ்சளைத் தடவினார். "அம்மா, இதிலே எழுத்து இருந்ததெல்லோ?"

"எழுத்தா? கீழே அம்மைத் தழும்பாட்டம் குழி குழியா கெடந்துச்சுங்க. சாமிக்கு நல்லாவா இருக்கும்? கொத்தித் தேச்சு, சீமெந்து வச்சு அடைச்சிட்டோம்."

மாணிக்கம் என்னைப் பார்த்தார். கனகசபை பையைத் திறக்காமலே எழுந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்தக் குழிகள்தான் எழுத்து. நான் வாசிக்காததை எப்படி எழுதிக் கொடுக்கிறது?"

தப்பு நின்றது. ராக்கம்மா மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க யாருக்குமே எழுத்து தெரியாதுங்களே சாமி" என்றாள். பிறகு லயத்துப் பக்கம் திரும்பி, "சரி, சோறு ஆறுது, வாங்க."

தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிப்பவன் நான். அந்தக் கல்லை ஒரு முறையாவது முன்னரே வந்து பார்த்திருக்கலாம்.

கனகசபை அங்கே பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்த விரிவுரையை விடவில்லை. சாப்பிட்ட பின் மரத்தடியில் நின்று, ஒரு சிலையை எப்படிப் பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று பேசினார். எல்லோரும் அசையாமல் கேட்டார்கள். யாரும் முனியாண்டியின் பக்கம் திரும்பவில்லை.

தை மாதம் வீதி வெட்டினார்கள். கல்லை விலக்கும்போது இடுப்போடு முறிந்ததாகச் சண்முகம் கேள்விப்பட்டார்.

எங்கள் மூவரின் போக்குவரத்துக்குச் சங்கம் கொடுத்தது எட்டு ரூபாய் நாற்பது சதம். பெயின்ட், சீமெந்து, ராகலையிலிருந்து வந்த பெயின்டரின் கூலி என்று வீட்டுக்கு வீடு பிரித்து லயத்து மக்கள் கொடுத்தது நாற்பத்தொரு ரூபாய் ஐம்பது சதம்.