இடது கை கேட்காத மிருதங்கம்

1. மூன்றாவது முறை

"சரோஜா மேடம், இது மூணாவது தடவ. இனியும் திரும்பி வந்துச்சுன்னா சர்வீஸ் செக்‌ஷன இழுத்து மூடிருவேன், சொல்லிட்டேன்" என்றார் முதலாளி. ஓசூர் பாகலூர் ரோட்டில் உள்ள ஆடியோ கடை அது. சர்வீஸ் செக்‌ஷன் என்றால் ஒரு மேஜை, ஒரு மீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், நான். மூடினால் வெளியே போகப் போவதும் நான்தான்.

அதற்கு முன் இருபத்தோரு வருடம் சிப்காட்டில் ஆம்ப்ளிஃபையர் டெஸ்டிங்கில் இருந்தேன். அந்த லைனை மூடியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. "இந்த வயசுல உனக்கு எவன் வேலை குடுப்பான்?" என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். மூன்றே மாதத்தில் இந்த மேஜையைப் பிடித்துக் காட்டினேன். அதை லேசில் விடுவேனா?

கம்பெனியில் எங்களுக்கு ஒரு வழக்கம். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து அரை வோல்ட் சிக்னலை, எதையும் மாட்டக்கூடிய பொதுவான ஆக்ஸ் சாக்கெட்டில் கொடுப்போம். அவுட்புட் சரியாக வந்தால் பச்சை ஸ்டிக்கர். பச்சை ஒட்டிய பீஸை யாரும் மறுபடி சந்தேகப்படக் கூடாது, அது டெஸ்ட் செய்தவருக்குத் தரும் மரியாதை. அந்தப் பழக்கத்தை அப்படியே கடைக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

திரும்பி வந்த ஆம்ப்ளிஃபையர் பசப்பாவுடையது. தளியில் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர். எங்கள் கடையில் புதிதாக வாங்கியது. இசைத்தட்டு போட்டால் வால்யூமை முழுதாகத் திருகினாலும் சத்தமே இல்லை என்பது அவர் புகார். இரண்டு முறையும் டெஸ்ட் செய்தேன், இரண்டு முறையும் பச்சை ஒட்டி அனுப்பினேன். மூன்றாம் முறையும் எல்லாம் சரியாகவே இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஐயா, மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க. உங்க ரெக்கார்டுங்கதான் தேஞ்சிருக்கும்."

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "பழைய செட்டுல அதே ரெக்கார்டு தோட்டம் வரைக்கும் கேக்கும்மா. அந்தச் செட்டு பொகைஞ்சு போச்சுன்னுதானே உங்ககிட்ட வந்தேன்?"

முதலாளி சும்மா இருந்திருக்கலாம். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முனகினார். சுருக்கென்றது. "நாளைக்கு நானே தளிக்கு வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

2. தளியில்

மறுநாள் மீட்டரும் சில போர்டுகளுமாக டவுன் பஸ் ஏறினேன். பசப்பா வீட்டில் இசைத்தட்டைச் சுழற்ற கனமான, நல்ல டர்ன்டேபிள். அதன் வயர்கள் நேராக ஆக்ஸில் செருகியிருந்தன. புது ஆம்ப்ளிஃபையரின் முதுகில், டர்ன்டேபிளுக்கென்றே இருக்கும் ஃபோனோ சாக்கெட்டைத் தேடினேன். இல்லவே இல்லை. பழைய செட்டில் அது இருந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஊசியிலிருந்து வந்தது ஐந்து மில்லிவோல்ட்கூடத் தேறவில்லை. நான் கொடுத்து டெஸ்ட் செய்த சிக்னலில் நூறில் ஒரு பங்கு! ஆம்ப்ளிஃபையரும் சரி, டர்ன்டேபிளும் சரி. நடுவில் சின்ன சிக்னலைப் பெரிதாக்கிக் கொடுக்கும் ஒரு ப்ரீஆம்ப் இல்லை, அவ்வளவுதான்.

விவரம் சொன்னதும் பசப்பா சட்டென்று பிடித்துக்கொண்டார். "சொட்டு நீர் பிரஷர வச்சு ஸ்பிரிங்க்ளர சுத்தச் சொல்லிருக்கோம்!"

"அதேதாங்க ஐயா."

பையில் ஒரு மைக் ப்ரீஆம்ப் போர்டு இருந்தது. நடுவில் மாட்டினேன். சத்தம் கிளம்பியது. ஜெயித்துவிட்டேன் என்று அவரைப் பார்த்தால், மனுஷன் தலையைச் சாய்த்து யோசிக்கிறார்.

"சவுண்டு வந்துச்சும்மா. ஆனா மிருதங்கத்துல வலது கை மட்டும்தான் கேக்குது. எடது கை எங்க போச்சு?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இசைத்தட்டில் மிருதங்கத்தின் இடது பக்கம் மாதிரியான கனத்த பாஸைக் குறைத்து, கீச்சான ட்ரெபிளைக் கூட்டித்தான் பதிவு செய்வார்கள். ஃபோனோ ப்ரீஆம்ப் சிக்னலைப் பெரிதாக்குவதோடு அதைத் திருப்பிச் சமன்செய்யவும் வேண்டும். மைக் போர்டுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ரோஜாக்காரர் காது விடவில்லை.

3. டப்பா

இரண்டு நாள் உட்கார்ந்து நானே செய்தேன். ஒரு ஐசி, கொஞ்சம் ரெசிஸ்டர், ஒவ்வொன்றாக அளந்து பொறுக்கிய கெபாசிட்டர்கள், மூட ஒரு அலுமினிய டப்பா. மறுபடியும் தளி பஸ். மாட்டியதும் "ம்ம்ம்" என்று ஹம். டர்ன்டேபிளின் கிரவுண்டு வயரை டப்பாவில் முடுக்கினேன், அடங்கிற்று. ஊசியை இறக்கினேன்.

"பந்த்து! பந்த்து! எடது கை பந்த்து, வந்துருச்சு!" பசப்பாவுக்குக் கன்னடமும் தமிழும் ஒன்றாக வந்தன. அவர் மனைவி உள்ளேயிருந்து, "ஐயோ, கம்மி பண்ணுங்க, காது கிழியுது!" என்று கத்தினார். அதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் எனக்கு யாரும் தந்ததில்லை.

கடைக்கு வந்து ஜாப் கார்டு எழுத உட்கார்ந்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார். "கஸ்டமர் கனெக்‌ஷன் தப்புன்னு போட்டுருங்க மேடம். நம்ம பேரு கெடாது."

"விக்கும்போது எதுல மாட்டப் போறீங்கன்னு நாம கேட்டமா? மூணு தடவ டெஸ்ட் பண்ண நானாவது கேட்டனா?"

நான் எழுதினேன்: 'ஆம்ப்ளிஃபையரில் குறை இல்லை. டெஸ்ட் தவறு. டெஸ்ட் செய்தவர்: சரோஜா.'

முதலாளி அதை இரண்டு முறை படித்தார். "இனிமே ஆம்ப்ளிஃபையர் விக்கறதுக்கு முன்னாடி கஸ்டமர உங்ககிட்டயே அனுப்பிடறேன் மேடம்" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான்: மெஷினைத் திறக்குமுன் அதற்குள் என்ன வருகிறது என்று அளந்து பாருங்கள். கஸ்டமர் காதுக்கும் சரியென்று படாத வரை உங்கள் மீட்டர் சொல்வது பாதிதான். தப்பு நம்முடையது என்றால் அதற்கும் பெயரைப் போடுங்கள். அந்தக் கார்டில் என் பெயரைக் கொட்டை எழுத்தில்தான் எழுதினேன்.