பதினேழு ஒன்றுகளும் ஒரு கண்டக்டரும்

கண்டக்டர் வேலையில் வாய்க்கு ஓய்வே கிடையாது, மூளைக்கு நாள் முழுக்க லீவு. கொண்டை ஊசி வளைவுகளில் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி டிக்கெட் கிழிக்கும் சகாக்களே, உங்களுக்குத்தான் இது புரியும். நான் போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி இறங்கும் பஸ்ஸில் இருக்கிறேன். படித்தது பி.எஸ்சி. கணிதம். மூளையின் லீவைக் கழிக்க ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டேன். ஒன்று என்று வரிசையாகப் பதினேழு முறை எழுதினால் வருமே, அந்த எண். அது எதனாலாவது மீதியில்லாமல் வகுபடுமா, இல்லை பகா எண்ணா? அதுதான் கேள்வி.

நோட்டு பிடிபட்டது

மலைமேல் நாற்பது நிமிட ஹால்ட்டில் வகுத்துக்கொண்டிருந்தபோது செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிவிட்டார். நோட்டைப் பிடுங்கினார். பக்கம் பக்கமாக எண்கள். "இன்னாய்யா இது, மூணு நம்பர் லாட்டரியா?" என்றார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். "யாரு குடுத்தாங்க இந்த வேலைய?" என்று கேட்டார். "யாரும் இல்ல சார், நானாத்தான்." நோட்டைத் திருப்பித் தந்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "லாட்டரின்னாக்கூட உன்னப் புரிஞ்சுக்குவேன்யா."

இருபது லட்சத்தில் நிறுத்தம்

எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. முப்பத்து நாலால் வகுத்தால் ஒன்று மீதி வரும் பகா எண்கள் மட்டும் போதும். கல்லூரியில் படித்த விதி. தினம் மூன்று, நாலு வகுத்தல். அப்படியே பதினோரு வருடம். எங்கள் டிரைவர் ஏழுமலை அண்ணன் வண்டியை எடுக்கும்போதெல்லாம் "இன்னிக்காவது பிரிஞ்சுதா?" என்பார்.

இருபது லட்சம் வரை வந்தேன். முழுசாக நிரூபிக்க அந்த எண்ணின் வர்க்கமூலமான பத்தரைக் கோடி வரை போக வேண்டும், ஆயுசு போதாது. எனவே நானே தீர்ப்பு சொல்லிவிட்டேன், பகா எண்தான் என்று. டிப்போவில் எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் பெருமையாகச் சொன்னார்: "பதினோரு வருஷம் ஒருத்தன் அடிச்சும் உடையலன்னா அது நல்ல எண்ணுதான் தம்பி."

டீச்சரின் போன்

மலைப் பள்ளிக்குத் தினம் எங்கள் பஸ்ஸில் வரும் ஸ்டெல்லா டீச்சரிடம் அண்ணன் என் பெருமையை அளந்தார். டீச்சர் போனில் ஏதோ தட்டினார். வண்டி இன்னும் மலை ஏறாததால் சிக்னல் இருந்தது. முதல் வளைவைத் தொடுவதற்குள் திரையை என் பக்கம் திருப்பினார்.

பதினேழு ஒன்றுகள், கீழே அதைப் பிரித்துக் காட்டும் இரண்டு எண்கள். சின்னது 20,71,723.

கம்பியிலிருந்து கை நழுவியது. யாரோ இறங்க வேண்டும் என்று கத்தினார்கள், விசில் அடிக்கத் தோன்றவில்லை. நான் நிறுத்தியது இருபது லட்சத்தில். என் வேகத்தில் அந்த எழுபத்தோராயிரத்துச் சொச்சம் மூன்று, நாலு மாத வேலை.

"எவ்ளோ நாளா பாக்கறீங்கண்ணா?" என்றார் டீச்சர். சொன்னேன். அவர் சட்டென்று போனைப் பைக்குள் போட்டார். "சாரிண்ணா, நான் சும்மாத்தான் தட்டினேன்."

பெருக்கிப் பார்த்தேன்

போன் பொய் சொல்லுமோ என்று ஹால்ட்டில் இரண்டையும் கையால் பெருக்கினேன். வலது பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒன்று, ஒன்று, ஒன்று என்றே விழுந்தது. பதினேழும் வந்த பிறகு ரொம்ப நேரம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை அண்ணன் வாங்கி வந்த டீ ஆறிப்போனது.

மறுநாள் மனசைத் தேற்றிக்கொண்டு டீச்சரிடம், "விடுங்க டீச்சர், அடுத்து பத்தொம்போது ஒண்ணு எடுத்து வகுக்கப் போறேன்" என்றேன். அவர் பதறிப்போய்ச் சொன்னார்: "அதத் தொடாதீங்கண்ணா, அது நெஜமாவே பகா எண்ணு."

'உள்ள போங்க, இன்னும் கொஞ்சம் உள்ள போங்க' என்று ஊரையே நகர்த்திய நான், என் கணக்கில் மட்டும் படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன்.