தீக்கோட்டுக்கு உபயதாரர் இல்லை

எங்கள் ஊரில் கோயில் டியூப் லைட்டில்கூட உபயம் என்று பெயர் எழுதிவிடுவார்கள். வெளிச்சம் பாதி எழுத்துக்கே போய்விடும். ஆரணியில் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கும் நானும் அப்படி எழுதிக்கொண்டவன்தான். அதனால் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் திட்டுகிறேன்.

ஊருக்கு வெளியே இருக்கும் மலை கோடையில் வருடம் தவறாமல் எரியும். இடுப்பளவு புல் காய்ந்து நிற்கும். எவனோ போடும் பீடித்துண்டு போதும். இரண்டு வருடத்துக்கு முன்பு, மலையடிவாரத்தில் ஆட்டுப்பட்டி வைத்திருந்த ஒரு பெண் தன் கணவரோடு என் கடைக்கு வந்தாள். பட்டிக்கு மேலே தீத்தடுப்புக் கோடு போட வேண்டும் என்றாள். புல்லைச் செதுக்கி, அகலமாக வெறுந்தரையாக்கிவிட்டால் நெருப்பு அதைத் தாண்டாது. வனத்துறை அனுமதி கிடைத்துவிட்டது. ஆள் கூலியை மட்டும் ஊர் திரட்டித் தர வேண்டும்.

"போன வாட்டி பட்டி வரைக்கும் வந்துடுச்சுண்ணா. மாசிக்குள்ள வெட்டிடணும். கொஞ்சம் ஜல்தி பண்ணுங்க."

கணவர் கும்பிட்டுவிட்டு நின்றார். கடைவீதியில் கமிட்டி போட்டோம். வசூல் என் பொறுப்பு.

பட்டுக்கடை, அரிசி மில் என்று ஏறி இறங்கினேன். யாரும் இல்லையென்று சொல்லவில்லை. எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்.

"பேரு எங்க போடுவீங்க?"

"வெறுந்தரைங்க. அதுல எங்க எழுதறது?"

"அப்புறம் இன்னாத்துக்குக் குடுக்கறது? மலைக்குப் போற வழியில ஒரு வளைவு கட்டுங்க, குடுக்கறேன்," என்றார் ஒரு மில்காரர்.

எரிகிற மலைக்கு அலங்கார வளைவு! சிரித்திருக்க வேண்டும். நான் சரி என்றேன். வளைவு என்றதும் பணம் மளமளவென்று வந்தது. கிரானைட்டில் யார் பெயர் மேலே என்று சண்டையும் வந்தது. அந்தப் பேஜாரைத் தீர்ப்பதிலேயே மாசி போய்விட்டது. நடுவில் அந்தப் பெண் இரண்டு முறை வந்தாள். "வளைவு முடியட்டும்மா, மிச்சப் பணத்துல வெட்டிடலாம்" என்றேன். என் நாக்கில் புற்று வைக்க.

பங்குனியில் ஒரு மத்தியானம் மலை பற்றிக்கொண்டது. அவள் ஆடுகளை அவிழ்த்து விரட்டினாள். கணவர் வேப்பந்தழையை ஒடித்துக்கொண்டு, கோடு வெட்டியிருக்க வேண்டிய இடத்தில் போய் நின்று நெருப்பை அடித்தார். காற்று திரும்பிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்து செத்துப்போனார்.

அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் பணம், கேட்காமலே! கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் ஊர் அதையும் ஃபிளெக்ஸ் வைத்துச் செய்தது. காரியம் முடிந்த மறுநாள் அவளை அந்த ஃபிளெக்ஸ் முன்னால் நிற்கவைத்து, உறையைக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டோம். நானும் அதில் நிற்கிறேன்.

எல்லாரும் கிளம்பிய பிறகு அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, கோடு வெட்டற கூலிக்கு இது பத்துமா?"

அதில் கால் பங்கே பத்தும். மாசியிலும் அவ்வளவுதான் தேவைப்பட்டது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"பத்தும்மா," என்றேன்.

"அப்ப வெட்டிடுங்க," என்று உறையை என் கையில் வைத்துவிட்டு, ஆடுகளைப் பார்க்கப் போனாள்.