திருவொற்றியூர்க் குப்பத்தில் ஒரு கூண்டுக் கடிகாரம்

காலை ஆறரைக்குத் திருச்சி வண்டி என்னை எழும்பூரில் இறக்கிவிட்டது. கடிகாரம் வாங்கப் புறப்பட்டவன் கையில் கடிகாரம் இல்லை. கைக்கடிகாரம் மட்டும் வீட்டில் இருபத்திரண்டு வைத்திருக்கிறேன். அத்தனையையும் பீரோவில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு வந்தேன். பட்டணத்தில் கண்ணை மூடித் திறப்பதற்குள் கழற்றிவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

போன வருஷம் மதுரையில் ஒருவன் சுவிஸ் கடிகாரம் என்று ஒன்றை என் தலையில் கட்டினான். மேலே வெள்ளி, உள்ளே தகரம். அன்றே தீர்மானித்துவிட்டேன், பின்மூடியைத் திறந்து சக்கரங்களை என் கண்ணால் பார்க்காமல் இனி காலணா கொடுப்பதில்லை என்று.

என்னிடம் இல்லாத ரகம் ஒன்று உண்டு. சண்டைக் காலத்தில் பட்டாளத்தார் கட்டியது. குண்டுச் சிதறல் பட்டுக் கண்ணாடி உடையாதிருக்க முகப்பின்மேல் வெள்ளிக் கம்பிக் கூண்டு போட்டிருக்கும். சண்டை முடிந்து இந்தப் பதினைந்து வருஷமாக அதற்கு ஏங்கிக் கிடக்கிறேன். அப்படி ஒன்று திருவொற்றியூர் மீனவர் குப்பத்தில் தேசம்மா என்பவளிடம் இருக்கிறது, விலை நாற்பது என்று துறைமுகத்தில் வேலை பார்க்கும் சிநேகிதர் எழுதியிருந்தார். அங்கே காகித நோட்டு செல்லாது, வெள்ளி ரூபாயாகக் கொண்டுபோ என்றும் எழுதியிருந்தார்.

ஸ்டேஷன் எதிரே ஒரு காபி கிளப். இரண்டு இட்டிலி, ஒரு காபி, இரண்டணா. கல்லாவில் இருந்தவருக்குத் தங்க பிரேம் மூக்குக்கண்ணாடி, சரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம். நாலு பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்து நாற்பது வெள்ளி வாங்கினேன். எண்ணிக்கொண்டேன். அப்படிப்பட்ட பெரிய மனுஷர் எதிரில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு டிராம் ஏறினேன்.

ராயபுரம் கல்மண்டபத்தில் இறங்கும்போது மணி ஒன்பது இருக்கும். அங்கிருந்து திருவொற்றியூர் நாலு மைல். மஸ்தான் என்ற ஜட்காக்காரன் போய்வரப் பன்னிரண்டணா கேட்டு, எட்டணாவுக்கு ஒப்புக்கொண்டான். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதே எனக்குப் பிடிக்கவில்லை.

"குப்பத்துல யாரு வூட்டுக்கு சார்?"

"உனக்கு எதற்கு?"

"எதுக்கா? வண்டிய எங்க நிறுத்தறது?"

தேசம்மா பெயரைச் சொன்னதும், "அட, வாட்சுக்காரம்மா!" என்று சிரித்தான். சரிதான், இவனுக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம் கருவாட்டு நாற்றமும் எண்ணெய்க் கிடங்குகளின் நாற்றமும் மாறி மாறி வந்தன. நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "வவுத்து வலியா சார்?" என்று அதற்கும் கேட்டான்.

தேசம்மா குடிசை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்தாள். அவிழ்த்தாள். அடாடா! அதே கூண்டு, அதே வெண்பீங்கான் முகப்பு, குளிர்ந்த வெள்ளி. காதில் வைத்தால் ஒரே சீராக ஓடுகிறது. என் சந்தோஷம் முகத்தில் தெரிந்தால் விலை ஏறுமே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டேன்.

"ஏது இது?"

"எங்க ஊட்டுக்காரரு சண்டையில கப்பலேறி பஸ்ராவுக்கு மூட்ட தூக்கப் போனாரு நைனா. காலு போன வெள்ளைக்காரன ஒருத்தன முதுவுல தூக்கியாந்தாராம். அவன் கழட்டிக் குடுத்தது."

எல்லாக் களவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. நான் நம்பவில்லை.

"இப்போ ஏன் விற்கிறாய்?"

"போன மழையில எங்க கட்டுமரம் ஒடஞ்சிப் போச்சி. மன்சன் இன்னொருத்தர் மரத்துல கூலிக்குப் போய்க்கினு கீறாரு. சொந்தமா ஒண்ணு கட்டணும். எங்களாண்ட இத்த வுட்டா வேற இன்னா கீது?"

பேனாக்கத்தியை எடுத்தேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"இங்க தொறக்காத! இது காத்து எழும்பற நேரம். வூட்டுக்குள்ள வா, கதவ சாத்திட்டுத் தொற."

கதவைச் சாத்துவதாமே! இருட்டில் கடிகாரத்தை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? "வெளிச்சத்தில், என் கையில்தான் திறப்பேன். பயமாயிருந்தால் விற்காதே" என்றேன். அவள் கடலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை விட்டுவிட்டாள்.

மூடி திறந்தது. உள்ளே பொன் பூசிய சக்கரங்கள், அவற்றின் அச்சுகளுக்குப் பதினைந்து மாணிக்கக் கல். சத்தியமாகச் சொல்கிறேன், என் இருபத்திரண்டில் ஒன்றுகூட இதன் கால்தூசிக்குக் காணாது. அந்த அழகில் வாயைப் பிளந்து நின்ற நேரத்தில் கடற்காற்று ஒரு வாரு வாரியது. பொடி மணல் என் கண்ணிலும் விழுந்தது, கடிகாரத்திலும் விழுந்தது. சக்கரம் ஒரு தரம் துடித்து நின்றது. திருப்பிப் பார்த்தேன். பதினொன்று பத்து.

"ஐயோ, என் கட்டுமரம் போச்சே!" என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

நின்றுபோன கடிகாரத்தைப் பத்து ரூபாய்க்குக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. பையை அவிழ்த்து நாற்பதையும் அவள் முன் கொட்டினேன். அழுகையை நிறுத்தி, ஒவ்வொரு ரூபாயாக மீன் ஆயும் கல்லில் தட்ட ஆரம்பித்தாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"என்னைப் பார்த்தால் கள்ள ரூபாய் கொடுக்கிறவன் மாதிரியா இருக்கிறது?"

"நீ தொறந்து பாத்தே இல்ல? நா தட்டிப் பாக்க வாணாவா?"

முப்பத்தொன்பது கணீர் என்றன. ஒன்று மட்டும் சொத்தென்று விழுந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும் சொத். மஸ்தான்கூட வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தான். என்னிடம் வேறு ரூபாய் இல்லை. திரும்பும் டிக்கெட்டும் கொஞ்சம் சில்லறையும்தான். வெட்கத்தில் காது சுட்டது. கடிகாரத்தைத் திருப்பி நீட்டினேன்.

"எட்துகினு போ நைனா. ஒரு ரூவா அப்பால அனுப்பு."

"நான் அனுப்பாவிட்டால்?"

"வாட்சு நின்னப்போ உன் மூஞ்சியப் பாத்தேனே. நீ அனுப்புவே."

கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டேன். என் பேரைக்கூட அவள் கேட்கவில்லை. இதில் என்ன சூது என்று ராயபுரம்வரை யோசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. மஸ்தான் பேசிய எட்டணாவுக்குமேல் ஒரு தம்படி கேட்கவில்லை.

சாயங்காலம் எழும்பூரில் நேரே காபி கிளப்புக்குப் போய் அந்த ரூபாயைக் கல்லாவில் வைத்தேன். "காலையில் நீங்கள் கொடுத்தது" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாணயத்தைத் தட்டினார்.

"இது நம்ம கடை ரூபாய் இல்லையே! வாங்கும்போதே தட்டிப் பார்த்து வாங்க வேண்டாமா ஸார்?" ரூபாயை என் பக்கம் தள்ளினார். "ஊருக்குப் புதுசு போலிருக்கு. வடக்கே ராயபுரம் பக்கமெல்லாம் போனால் ஜாக்கிரதையா இருங்க. அங்கே ஒருத்தனையும் நம்பப்படாது."

ரூபாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வண்டிக்கு நேரமாகிவிட்டதா என்று கையைப் பார்த்தேன். கூண்டுக்குள் பதினொன்று பத்து. பக்கத்தில் போன ஒரு போர்ட்டரை நிறுத்தி மணி கேட்டேன். அவன் கையிலும் கடிகாரம் இல்லை. வானத்தைப் பார்த்துவிட்டு, "ஆறாவப் போவுது சாமி, ஓடு!" என்றான். ஓடினேன்.