கேரவனுக்குப் பின்னால் என் கார்

என் கணவர் ஓய்வுபெற்ற மூன்றாவது மாதம் ஒரு பழைய கேரவன் வாங்கினார். உள்ளே இரண்டு பேர் படுக்க ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி, மடக்கி வைக்கிற மேஜை. மூலக்குளத்தில் எங்கள் தெருவுக்குள் அது வந்து நின்ற அன்று நாலு வீட்டுக்காரர்கள் வெளியே வந்து எந்தப் படத்துக்கு ஷூட்டிங் என்று விசாரித்தார்கள். எங்கள் வண்டிதான் என்று சொன்னதும் அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவர் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். நான் நர்ஸ். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் இருக்கவேண்டுமே என்று நாங்களே எதிரெதிர் ஷிஃப்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டோம். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகும் அது மாறவில்லை. வாசலில் சாவியைக் கைமாற்றும்போது பேசிக்கொண்டதுதான் அதிகம். பால் வாங்கியாச்சு, பையனுக்கு ஜுரம், மோட்டார் போட்டிருக்கேன் அணைச்சுடு. இவ்வளவுதான்.

எதற்குக் கேரவன் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஊர் சுற்ற என்றார். என்னிடம் மட்டும், "நீயும் நானும் ஒண்ணா ஒக்காந்து எங்கனா போயிருக்கமா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஏழெட்டுக் கல்யாணம், இரண்டு சாவு, ஒரு முறை திருப்பதி. அதற்கு மேல் ஞாபகம் வரவில்லை.

முதல் தடவை வில்லியனூர் பக்கம் ஒரு கோயிலுக்குப் போனோம். தெருவுக்குள் வண்டி நுழையவில்லை. எங்கோ நிறுத்திவிட்டு வெயிலில் நடந்ததில் என் முழங்கால் வீங்கிவிட்டது. அடுத்த தடவை என் காரை நான் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். கார் என்னுடையது. இரவு டியூட்டிக்குப் போய்வர சிரமமாக இருந்ததால் நாற்பத்து மூன்று வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, நானே தவணை கட்டி வாங்கிய சின்ன வெள்ளைக் கார்.

"நீ பின்னாடி தனியா வர்றதுக்கு நான் எதுக்கு இத வாங்கினேன்?" என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

எதிர்வீட்டுக்காரர் பிரான்சில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே விடுமுறைக்குப் போகிறவர்கள் வண்டிக்குப் பின்னால் படகு, சைக்கிள், கார் என்று எதையாவது மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள் என்று அவர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். அப்படி இழுத்துப் போவதற்கு ரெமோர்க் என்று அவர் சொன்ன பிரெஞ்சு வார்த்தையை என் கணவர் இரண்டு நாள் வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரிந்தார். மூன்றாம் நாள் டேப்பை எடுத்துக்கொண்டு என் காரின் அடியில் படுத்துவிட்டார்.

சேதராப்பட்டில் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு வாரத்தில் ஓர் இரும்புச் சட்டம் செய்துவிட்டார்கள். பார்க்க ஆங்கில A எழுத்து மாதிரி இருக்கும். அகன்ற இரண்டு கால்களும் காரின் முன்பக்கச் சேஸிஸில் மாட்டிக்கொள்ளும். கூரான முனை கேரவனின் பின்னால் இருக்கிற கொக்கியில் உட்காரும். அதன் குறுக்கே கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் இரும்புப் பின். பின் கழன்றால்கூடக் கார் தனியாக ஓடிவிடாமல் இரண்டு பக்கமும் சங்கிலி. கேரவனில் பிரேக் அழுத்தினால் காரின் பின்விளக்கும் எரிய ஒயர். இப்படி இழுத்துப் போவதில் சட்டச் சிக்கல் உண்டா என்று பட்டறைக்காரரைக் கேட்டிருக்கிறார். விளக்கு எரிந்தால் போதும் என்று அவர் சொன்னதை இவர் நம்பிவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஒரு வாரம் பழகினோம். காரைக் கொக்கிவரை கொண்டுவருவது என் வேலை. நடுவில் நின்று கை காட்டுவது அவர் வேலை. "கொஞ்சம் வா" என்பார். அவருடைய கொஞ்சம் வேறு, என்னுடைய கொஞ்சம் வேறு. முதல் நாள் அவர் முட்டியில் பம்பர் இடித்தது. பிறகு சாண், நாலு விரல், ஒரு விரல் என்று அளவு வைத்துக்கொண்டோம். ஒரு விரல் என்றால் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் மூச்சுவிடுகிற அளவுக்கு நகர்த்தவேண்டும். நாலாவது நாள் ஒரே தடவையில் பின் உள்ளே போனபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் வருஷக்கணக்கில் பார்த்திருக்கவில்லை.

மாட்டிய பிறகு செய்யவேண்டியது நாலு. கியர் நியூட்ரலில் இருக்கவேண்டும். சாவியைப் போட்டு ஸ்டியரிங் பூட்டை விடுவிக்கவேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் சக்கரம் திரும்பாது. கை பிரேக்கை இறக்கவேண்டும். கதவைச் சாத்தவேண்டும். கடைசியாகப் பார்ப்பது அவர் பொறுப்பு என்று முடிவு செய்தோம்.

காரை மாட்டிக்கொண்டு முதல் பயணம் திருவண்ணாமலைக்கு. காலை ஏழு மணிக்கு எல்லாம் மாட்டி, அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுக் கேரவனில் ஏறி உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் மூக்குக்கண்ணாடியைக் காரிலேயே விட்டது ஞாபகம் வந்தது. போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டில் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினேன். வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளம்பினோம்.

வண்டி கொஞ்சம் கனமாக இழுக்கிறது என்று வில்லியனூர் தாண்டும்போது சொன்னார். கார் பாரம் அல்லவா என்றேன். கண்டமங்கலத்தைத் தாண்டியபோது பைக்கில் போன ஒருவர் பக்கவாட்டில் வந்து கதவைத் தட்டினார்.

"சார், பின்னாடி காருல புகை வருது சார்."

ஓரங்கட்டி இறங்கி ஓடினோம். பின்சக்கரம் இரண்டிலிருந்தும் வெள்ளையாகப் புகை. ரப்பர் கருகிய நாற்றம். அவர் கதவைத் திறந்தார். கை பிரேக் மேலே நின்றது.

அதைப் பார்த்த அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கே நிறுத்தினாலும் இறங்கும்முன் கை பிரேக்கை இழுப்பது எனக்குப் பழக்கம். கற்றுக்கொடுத்த இடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கண்ணாடியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது என் இடது கை அதை இழுத்திருக்கிறது. அந்தச் சத்தம்கூட அப்போது காதுக்குள் வந்தது.

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. பிரேக்கை இறக்கிவிட்டு வெகுநேரம் அந்த சீட்டின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நான்தானே கடைசியா பாத்தேன். எறக்குனேனே. எறக்குன மாதிரிதான் இருக்குது," என்றார்.



வார்டில் புதிதாக வருகிற பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, மருந்து மாறிப்போனால் அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்லிவிடவேண்டும் என்பதுதான். மறைத்தவர்களை நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன். அன்று சாலையோரத்தில் என் வாய் திறக்கவில்லை. என்னுடைய காரையே ஓட்டத் தெரியாதவள் என்று ஆகிவிடுமோ என்று ஒரு வீம்பு. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு சமாதானம். திருவண்ணாமலை போகவில்லை. சூடு ஆறியதும் திரும்பிவிட்டோம். இரண்டு டயரும் பிரேக் ஷூவும் மாற்றவேண்டியிருந்தது. மெக்கானிக்கிடம் அவர், "என் தப்புதான், மறந்துட்டேன்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பட்டறைக்காரரிடமும் போனில் அதையே சொன்னார். ஒவ்வொரு தடவை அவர் அப்படிச் சொன்னபோதும் நான் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது.

அதற்குப் பிறகு அவர் மாறினார். கேஸ் அடைத்தேனா என்று படுத்த பிறகு எழுந்து போய்ப் பார்த்தார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். கடைக்குப் போகும்போது மூன்று சாமானுக்குக்கூடச் சீட்டு எழுதினார். கேரவனை எடுப்பதே இல்லை. வயதாகிறது, ஓய்வுபெற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் இருக்கும். துவைக்கப் போடுவதற்காக அவர் சட்டைப் பையைத் துழாவியபோது ஒரு பழைய கரண்ட் பில் வந்தது. அதன் பின்பக்கம் பேனாவால் ஆறு வட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்கள், சின்ன முள், பெரிய முள். ஆறு கடிகாரங்களிலும் மணி பதினொன்று பத்து.

எங்கள் மருத்துவமனையில் பார்த்திருக்கிறேன். ஞாபகமறதி என்று வருகிற வயதானவர்களிடம் டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொல்வார். என் கணவருடைய அப்பாவும் கடைசி மூன்று வருஷம் பெற்ற பிள்ளையின் பெயர் தெரியாமல் இருந்துதான் இறந்தார். என் கணவர் எனக்குச் சொல்லாமல் எங்கோ ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். வீட்டில் உட்கார்ந்து பழகியிருக்கிறார்.

அழுக்குத் துணியை அப்படியே போட்டுவிட்டு மாடிக்குப் போனேன். அவர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். பார்த்துவிட்டு அவர் கீழே குனிந்துகொண்டார்.

"டாக்டர் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாரு. ஆனா அப்பாவுக்கும் மொதல்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க," என்றார்.

"நீங்க மறக்கல. அன்னைக்கிக் கை பிரேக்க இழுத்தது நான்தான். கண்ணாடி எடுக்கப் போனப்ப இழுத்துட்டேன்."

அவர் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். உட்கார்ந்தார். கண்டமங்கலத்தில் உட்கார்ந்தது போலவே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. வகுப்பில் ஃபெயில் என்று நினைத்திருந்த பிள்ளையிடம் பாஸ் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கோபம் பிறகு வந்தது.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"அன்னைக்கே."

"ஒரு மாசமா பாத்துக்கினு இருந்தியா?"

இருந்தேன் என்றேன்.  அவர் கீழே இறங்கிப் போனார். பைக்கை எடுத்துக்கொண்டு சாரம் பகுதியில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு இருட்டியபிறகு வந்தார். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டார். தட்டை அவரே கழுவி வைத்தார். நாலாம் நாள் காலையில் காபி குடிக்கும்போது, புது டயர் போட்டது வீணாகவேண்டாம், காரைக்கால் போய்த் தன் அக்காவைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பூட்டை இழுத்துப் பார்ப்பது மட்டும் அந்த வாரத்தோடு நின்றுபோனது.

காரைக்காலுக்குக் கிளம்பிய அன்று மாட்டிய பிறகு நான் வாய்விட்டு ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு காரின் கதவை யாரும் திறப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். கடலூர்வரை நன்றாகப் போனது. வழியில் எத்தனையோ பேர் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒருவர் நல்ல மெக்கானிக் இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே ஓட்டினார். சின்ன வயதில் அவர் அக்கா தன்னை எருமைமேல் ஏற்றிவிட்டு ஓடியதையும், முதல் வேலையில் முதலாளி அடித்ததையும் சொன்னார். இதெல்லாம் எனக்கு அதுவரை தெரியாது.

கடலூரைத் தாண்டி ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டினார்.

"வண்டி ரிப்பேரா சார்?"

"இல்ல சார். நல்லா ஓடும்."

"நல்லா ஓடுற வண்டிய எதுக்கு சார் இழுத்துட்டுப் போறீங்க?"

என் கணவருக்கு அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அதை ஒரு போலீஸ்காரரிடம் நடுரோட்டில் எப்படிச் சொல்வது? கொக்கி, சங்கிலி, விளக்கு எல்லாவற்றையும் காட்டினார். போலீஸ்காரர் குனிந்து பொறுமையாகப் பார்த்தார். வேலை சுத்தமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். ஆனால் ஓடாத வண்டியைத்தான் இப்படி இழுக்கலாம், ஓடுகிற வண்டிக்கு ரூல் இல்லை, கழற்றிவிடுங்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா ஓட்டுவாங்களா?" என்று அவரிடம் கேட்டார்.

"என்னவிட நல்லா ஓட்டுவாங்க," என்றார் என் கணவர்.

அந்த இடத்திலேயே பின்னைக் கழற்றிச் சட்டத்தைக் கேரவனுக்குள் ஏற்றினோம். அவர் முன்னே போக நான் பின்னால் ஓட்டினேன். சிதம்பரத்தில் நிறுத்தி டீ குடித்தோம், சீர்காழியில் சாப்பிட்டோம். காரைக்காலில் அக்கா வீட்டுக் கொல்லையில் தென்னைக்கு நடுவே கேரவனை விட்டார். அடுத்த நாளிலிருந்து அவர் அதை எடுக்கவில்லை. தரங்கம்பாடி, திருநள்ளாறு, நாகூர் என்று ஆறு நாளும் என் காரில்தான் போனோம். நான் ஓட்டினேன், அவர் இடது பக்கம் உட்கார்ந்து வந்தார். கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, லாரி வருது, மாடு நிக்குது, ரைட்டுல போ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் வாயை மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

கேரவன் இன்னும் அக்கா வீட்டுக் கொல்லையில்தான் நிற்கிறது. பேரப்பிள்ளைகள் வந்தால் அதில் படுக்கிறார்கள். நாங்கள் போன மாதம் காரிலேயே திருவண்ணாமலை போய் வந்தோம்.