தண்ணீர் நிறுத்தும் திகதியைத் தேடியவர்

தண்ணீர் விடும், நிறுத்தும் திகதிகளை விவசாயிகளோடு முடிவெடுக்கும் விதைப்புக் கூட்டத்தில் வைக்கும் தாளைத் தட்டச்சில் அடித்துக்கொண்டிருந்தேன். பியோன் வந்து, "உதுமாலெவ்வை காக்கா மௌத்தாகிட்டாங்க. பகல் லுஹர் தொழுகையோட அடக்கம்" என்றார். பாதி வரியில் என் கை நின்றுவிட்டது.

கல்முனையில் எங்கள் நீர்ப்பாசன அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர்; அண்ணன் முறையில் எல்லாருக்கும் காக்கா. நான் காரைதீவிலிருந்து போய்வரும் தட்டச்சாளர். சுற்றறிக்கை ஒன்று வந்தால் நாங்கள் அதன்படி நடப்போம். அவரோ, "இத ஆரு முதல்ல நினைச்ச?" என்று கேட்டு உயிரை வாங்குவார்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், வாய்க்காலின் கடைசி வயற்காரரான சின்னத்தம்பி அண்ணன் ஒரு பிடி பதர்க் கதிரை என் மேசையில் வைத்தார்.

"கதிர் பால் பிடிக்கக்குள்ள தண்ணிய நிப்பாட்டுறீங்க. ஒவ்வொரு வருசமும் இதுதான். இன்னும் பத்து நாள் விட்டா என்ன?"

"மேலிடத்து உத்தரவு அண்ணன்" என்றேன்.

காக்கா தலையை நிமிர்த்தினார். "எந்த மேலிடம் தங்கச்சி?"

எனக்குத் தெரியவில்லை. காக்காவே பொறியியலாளரிடம் போய்க் கேட்டார். அது விவசாயிகளின் கூட்ட முடிவு என்றார். விவசாயிகள் அரசாங்க அதிபர் அலுவலகமான கச்சேரியைக் காட்டினார்கள். கச்சேரியில், "உங்கட ஒபிஸ்தானே எழுதியனுப்புற" என்றார்கள்.

"எல்லாரும் கீழ்ப்படியிறாங்க, முடிவெடுத்த ஆள் மட்டும் இல்ல. புதினமாக் கிடக்கு" என்று சிரித்தார்.

தும்மித் தும்மிப் பழைய கோப்புகளை ஒவ்வொரு வருடமாகப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு பின்னேரம் சிரிப்பு நின்றது. ஒரு வருடம் மழையால் கூட்டம் பாதியில் கலைந்திருக்கிறது. தண்ணீர் நிறுத்துவது பற்றி யாரும் கதைக்கவேயில்லை. ஆனால் கூட்டக் குறிப்பில் முந்திய வருடத்துத் திகதி இருந்தது. அதற்குப் பிறகு எல்லா வருடமும் அதையே பார்த்து எழுதியிருக்கிறோம். முதலில் எழுதிய கையெழுத்து அவருடையது.

"இடத்த வெறுமையா விடக்கூடா எண்டு நான்தான் எழுதியிருக்கன்" என்றார்.

"பேசாம மூடி வையுங்க காக்கா, வேலைக்கு ஆபத்து" என்றேன். இன்று அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"சின்னத்தம்பிட பதர என்னத்தால மூடுற?"

அடுத்த விதைப்புக் கூட்டத்தில் அந்தக் கூட்டக் குறிப்போடு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். பெரிய அமளி. அறுவடைக்கு வயல் காய வேண்டுமென்று மேல் வயற்காரர்கள் சண்டை பிடித்தார்கள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் கைகள் உயர்ந்தன. பத்து நாள் கூடியது. சின்னத்தம்பி அண்ணன் நன்றி சொல்லவில்லை.

"இவ்வளவு வருசமும் ஏன் பாக்கல்ல?" என்றார்.

"ஓம். பாத்திருக்கணும்" என்றார் காக்கா.

பிறகு அவரிடம் விளக்கம் கேட்டு மேலிருந்து கடிதம் வந்தது. அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எழுதச் சொன்ன ஆரு தங்கச்சி?" என்றார். பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பதவி உயர்வு கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

இன்று அவர் வீட்டுக்குப் போய், அவருடைய மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினேன். இயந்திரத்தில் தாள் அப்படியே இருந்தது. தண்ணீர் நிறுத்தும் திகதி என்ற வரிக்கு வந்ததும், என் கை தன்பாட்டில் போன வருடத்துத் தாளை எடுத்தது. எடுத்ததை மேசையில் குப்புற வைத்தேன்.

போய்வாருங்கள் காக்கா. அந்த இடத்தை வெறுமையாகத்தான் விட்டிருக்கிறேன்.