அத்தையின் தற்செயல்கள்

தானாக நடப்பதைத் தற்செயல் என்பார்கள். எங்கள் அத்தை எதையும் தானாக நடக்க விட்டதில்லை. ஆனால் அந்தச் சொல் இல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்ததும் தற்செயல், எனக்கு வேலை கிடைத்ததும் தற்செயல். இரண்டுக்கும் முன்னால் அத்தை நாலு வீடு ஏறி இறங்கியிருப்பாள்.

குழாய் ரிப்பேர் கடையில் போனை எடுத்து ஆள் அனுப்புவது அவள் வேலை. அந்த ஆட்களில் மூத்தவர் அவளுடைய அண்ணன், அதாவது என் அப்பா.

அக்கா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, “அவ வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று அப்பா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. அப்பாவுக்குப் பார்க்க ஆசை. சொன்ன வார்த்தையை எப்படி விழுங்குவது என்றுதான் தெரியவில்லை. வீம்பு பிடித்த மனுஷன்!

அக்கா வீடு மாறினாள். புது முகவரி அப்பாவுக்குத் தெரியாது.

“அண்ணே, மூணாவது மாடி. சமையலறை பூரா தண்ணியாம், சீக்கிரம் போங்க” என்று அத்தை அனுப்பிவைத்தாள்.

நான் அங்கேதான் பழைய துணிகளோடு தண்ணீரிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தது அக்கா, இடுப்பில் குழந்தை. அப்பா கல்லாய் நின்றார். திரும்பிவிடுவாரோ என்று பார்த்தேன். அதற்குள் தண்ணீர் வாசல்வரை வந்து அவர் செருப்பை நனைத்தது. பஸ் நிலையத்தில் சொட்டும் குழாயைக்கூட இறுக்கிவிட்டுத்தான் அவர் பஸ் ஏறுவார்.

“நகரு” என்று படியைத் தாண்டினார்.

சிங்குக்கு அடியில் குனிந்தவர், கழன்ற நட்டை இறுக்கினார். பக்கத்திலேயே, பிடியில் சிவப்பு டேப் சுற்றிய ஒரு ஸ்பேனர் கிடந்தது. அவருடையதேதான். சின்ன வேலை இருக்கிறது என்று அத்தை கேட்டு வாங்கிப்போனது.

உடனே போனைப் போட்டார். “உன் வேலையா இது?”

“ஐயோ அண்ணே, தற்செயல்!”

அப்பா போனை வைத்தார். கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். அக்கா அழுதுகொண்டே குழந்தையைக் கொடுத்தாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் சாயங்காலமும் அக்கா வீட்டு வாசல் மணி அடித்தது. குழாய் எதுவும் ஒழுகவில்லை. கையில் கிலுகிலுப்பையோடு அப்பா நின்றார். உள்ளே அத்தை ஏற்கெனவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “தற்செயலா இந்தப் பக்கம் வந்தேன்.”